கதவில்லாத கீல்

நம் தொழிற்கூடத்தின் வாசலில், செருப்பு விடும் இடத்துக்கு மேலே, சுவரில் ஒரு பித்தளைக் கீல் திருகி வைக்கப்பட்டிருக்கிறது. அதில் கதவு கிடையாது. ஜன்னலும் கிடையாது. வெறும் கீல், அதன்மேல் வருடா வருடம் ஏறிய சந்தனமும் குங்குமமும். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். உங்களில் ஒரு பெண் என்னிடம் கேட்டே விட்டாள்: "மேடம், கட்டடம் கட்டுனவங்க மறந்து வுட்டுட்டுப் போய்ட்டாங்களா?"

மறந்து விடவில்லை, கண்ணு. திண்டிவனத்துக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில், மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளையும் கொல்லைகளுக்கு மத்தியில் இருக்கும் இந்தக் கூடம் விண்வெளிக்கு அனுப்பிய முதல் தொலைநோக்கிக் கண்ணாடியின் கதை அந்தக் கீலில்தான் இருக்கிறது. ஓய்வு பெற்றவளைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னால், நேரம் தவறாமை, ஒழுக்கம் என்று ஆரம்பித்து உங்களைத் தூங்க வைத்துவிடுவாள் என்று பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். பாலிஷ் போடுவது எப்படி என்றும் நான் சொல்லப் போவதில்லை. அதை நம் மேஸ்திரி ஏழுமலை சொல்லித் தருவார், திட்டிக்கொண்டே. நான் சொல்ல வந்தது பாலிஷ் போட மாட்டேன் என்று அடம் பிடித்த ஒரு நாளைப் பற்றி.

அந்தக் கண்ணாடியை நீங்கள் பார்த்ததில்லை. இரண்டு கைகளையும் அகல விரித்தால் பிடித்துவிடலாம், அவ்வளவுதான் அதன் அகலம். கனம் இரண்டு விரல்கூட இருக்காது. மேலே போகிற சாமானில் எடை கூடினால் ராக்கெட்காரர்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால் அப்படி மெலிதாகக் கேட்டிருந்தார்கள். மெலிதாக இருப்பதில் ஒரு வம்பு உண்டு. சும்மா படுக்க வைத்தாலே அது தன் எடையால் தானே வளையும். நம் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பல கோடி மைல் தாண்டி வருகிற வெளிச்சத்துக்குத் தெரிந்துவிடும், நட்சத்திரம் புள்ளியாக விழ வேண்டிய இடத்தில் சிலுவையாக விழும்.

அது வளையாமல் படுப்பதற்காகத்தான் கட்டில். சோதனை அறையில் கண்ணாடியைத் தாங்குகிற அந்த இரும்புச் சட்டத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கண்ணாடியின் முதுகுக்கு அடியில் சின்னச் சின்ன ரப்பர் பட்டைகள். இரண்டிரண்டு பட்டைகளை ஒரு குட்டிச் சட்டம் இணைக்கும், பூங்காவில் பிள்ளைகள் ஏறி விளையாடுகிற ஏற்ற இறக்கப் பலகை மாதிரி. ஒரு முனை தாழ்ந்தால் மறுமுனை ஏறும். இப்படி எல்லாப் பலகைகளும் லேசாக ஆடிக்கொடுத்தால் எடை எங்கும் சமமாகப் பிரிந்து, எந்த இடமும் கண்ணாடியைக் குத்தாது. அதற்கு ஒவ்வொரு பலகையின் கீலும் தடையில்லாமல் ஆட வேண்டும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

வாடிக்கையாளர் எங்களுக்குக் கொடுத்தது இரண்டே கண்ணாடி வட்டங்கள். முதலாவது, பாலிஷ் பாதியில் இருக்கும்போது உடைந்தது. உறிஞ்சிப் பிடிக்கும் ரப்பர் கிண்ணங்களை வைத்துத் தூக்கினோம். ஒரு கிண்ணம் பிடி விட்டது. பெரிய சத்தமெல்லாம் இல்லை, வளையல் உடைகிற சத்தம்தான். ஏழுமலை அன்று சாப்பிடவில்லை. முதலாளி ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. அவர் வாய் ஓய்ந்து நான் பார்த்த ஒரே வாரம் அதுதான். அதன் பிறகு கிண்ணத்தை மூலையில் போட்டுவிட்டு, வளையமும் துணிப்பட்டையும் வைத்து ஆட்களே தூக்குவது என்று மாற்றினோம். கண்ணாடி எடை ஒரு மூட்டை மல்லாட்டைகூட இருக்காது. ஆனாலும் தூக்கும் நாள் என்றால் கூடமே நடுங்கும். முதலாளி மெயின் கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டு கண்ணை மூடிக்கொள்வார்.

முதலாளியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். விக்கிரவாண்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம். மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிற பட்டறையாக ஆரம்பித்து இந்த அளவுக்குக் கொண்டுவந்தவர். அவசரக்காரர். கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று போகும். ஆயுத பூஜை என்றால் வேறு யாரையும் பொட்டு வைக்க விட மாட்டார். சந்தனக் கிண்ணத்தைத் தானே எடுத்துக்கொண்டு சுற்றி வருவார். அதிலும் அவருக்கு ஒரு தனிக் கொள்கை. இயந்திரத்தின் நெற்றியில் வைத்தால் போதாது, அது எங்கே அசைகிறதோ அங்கே வைக்க வேண்டும். லாரி என்றால் சக்கரத்தின் அச்சில், கடைசல் இயந்திரம் என்றால் சுழலும் இடத்தில். "உசுரு அங்கதான மேடம் கீது" என்பார். எனக்கு அதில் ஆட்சேபணை இருந்ததில்லை. உயிர் அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது கண்ணாடியைத்தான் நாங்கள் கண்ணாக வளர்த்தோம். அதைத் தாங்கியது நம்ம ஊர்க் கட்டில், விக்கிரவாண்டி பட்டறை ஒன்றில் நாங்களே நின்று செய்வித்தது. அதில் எப்படித் திருப்பிப் படுக்க வைத்தாலும் கண்ணாடி ஒரே முகத்தைத்தான் காட்டியது. கடைசியில் எங்களுக்கே நம்ப முடியாத அளவுக்கு நல்ல முகம். ஆனால் ஒப்பந்தப்படி இறுதிச் சோதனை நம் கட்டிலில் நடக்கக் கூடாது. வெளியூரிலிருந்து சான்றிதழோடு வரும் புதுக் கட்டிலில்தான் நடக்க வேண்டும். அது ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வந்து முன்கூடத்தில் இறங்கியது. பூஜை முடிந்ததும் ஏழுமலை அதைத் துடைத்து, கண்ணில் பட்ட பொட்டையெல்லாம் எடுத்து, சோதனை அறைக்குள் கொண்டுபோய் மாட்டினார். நல்லபடியாகக் கண்ணாடியை ஏற்றினோம்.

சோதனை பார்க்க வாடிக்கையாளர் தரப்பிலிருந்து ஒரு அம்மாள் வந்திருந்தார். கைப்பையில் எப்போதும் ஒரு எஃகு ஸ்கேல் இருக்கும். டீ டம்ளரில் விளிம்புக்குக் கீழே எவ்வளவு குறைகிறது என்றுகூட அளப்பார் என்று ஏழுமலை கதை கட்டிவிட்டதால் எங்களுக்கு அவர் ஸ்கேல் மேடம். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

சோதனை அறையில் கட்டிலுக்கு மேலே நிற்கும் கோபுரத்தின் உச்சியிலிருந்து வெளிச்சம் இறங்கிக் கண்ணாடியில் பட்டுத் திரும்பியது. அதைப் படமாக்கும் கருவியை இயக்குகிறவள் வாசுகி. விழுப்புரத்திலிருந்து தினமும் என்னோடு ரயிலில் வருகிறவள், கணிதத்தில் கெட்டிக்காரி. திரையில் படம் வந்ததும் அவள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு, "அக்கா, இங்க வாயேன்" என்றாள்.

மேடு சிவப்பாகவும் பள்ளம் நீலமாகவும் தெரியும் படம் அது. ஒரு நிறமும் பெரிதாகத் தெரியக் கூடாது. அன்று கதவுப் பக்கமும் அதற்கு எதிர்ப்பக்கமும் சிவப்பு, மற்ற இரண்டு பக்கமும் நீலம். எண்ணெயில் போட்ட அப்பளம் இரண்டு ஓரம் தூக்கி இரண்டு ஓரம் தாழ்ந்து வளையுமே, அதே வளைவு. இதை வைத்துக்கொண்டு வானத்தில் ஒரு நட்சத்திரத்தையும் ஒழுங்காகப் பார்க்க முடியாது. வேறு வட்டம் கிடையாது. ராக்கெட்டில் இதற்கென்று ஒதுக்கிய இடமும் காத்திருக்காது. இது போனால் எல்லாம் போயிற்று.

முதலாளி ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

"அட, இவ்ளோதானா! தேய்ச்சா போய்டும் இல்ல? நம்ம பழைய கட்டிலு இத்தினி நாளா பொய் சொல்லிக்கினு இருந்திருக்குது. புதுசு உண்மையச் சொல்லிச்சு. பாலிஷ் மிஷினு பக்கத்துலயேதான கீது. கட்டிலோட தள்ளிக்கினு போய் மேட்டத் தேய்ச்சி வுடுங்க மேடம். காலைல ஜல்தியா ஆரம்பிச்சா மதியத்துக்குள்ள முடிஞ்சிடும்."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. தரையில் பதித்த தண்டவாளத்தில் கட்டிலோடு தள்ளினால் கண்ணாடி நேராகப் பாலிஷ் இயந்திரத்தின் கைக்கு அடியில் போய் நிற்கும். தூக்க வேண்டியதே இல்லை. எங்களுக்கு மிகவும் பழகிய வேலை. சான்றிதழ் உள்ள கட்டில் ஒருபுறம், பட்டறைக் கட்டில் ஒருபுறம் என்றால் யார் எதை நம்புவார்கள்? ஸ்கேல் மேடமும் தலையாட்டினார். வாசுகிகூட எங்கே எவ்வளவு தேய்க்க வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் ரயிலில் வாசுகியிடம் அவள் கணக்கைக் காட்டச் சொன்னேன். சுத்தமான கணக்கு. "இப்படித் தேய்ச்சா சோதனைல பாஸ் ஆகிடுமா?" என்றேன்.

"ஆகிடும்க்கா. பிரமாதமா ஆகும்."

"சரி. வளைவு கண்ணாடில இல்லாம கட்டில்ல இருந்தா?"

அவள் கணக்கை மறுபடியும் மேலிருந்து பார்த்தாள். மயிலம் ஸ்டேஷன் தாண்டியபின்தான் நிமிர்ந்தாள். "அப்பவும் பாஸ் ஆகும்க்கா."

அதுதான் என்னைப் பிடித்து ஆட்டியது. கட்டில் கோணலாகத் தாங்குவதால் நல்ல கண்ணாடி வளைந்து தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் அந்த மேட்டைத் தேய்த்து எடுத்தால் கட்டிலின் மேல் அது அழகாகத்தான் தெரியும். எல்லோரும் கைதட்டுவார்கள். மேலே போனதும் அங்கே எடையும் இல்லை, கட்டிலும் இல்லை. கண்ணாடி தன் சுபாவத்துக்கு நிமிரும். நிமிர்ந்ததும் நாம் தேய்த்த இடமெல்லாம் பள்ளமாக நிற்கும். அங்கே போய்ச் சரி செய்ய ஆளில்லை. கீழே தோற்கிற கண்ணாடியைவிடக் கீழே ஜெயித்து மேலே தோற்கிற கண்ணாடி எவ்வளவு கொடுமை என்று எனக்கு அன்று உறைத்தது. விழுப்புரம் வந்து இறங்கும்போது நான் முடிவு செய்துவிட்டேன்.

மறுநாள் காலை பாலிஷ் பொடியைக் கரைத்து வைத்துக்கொண்டு எல்லோரும் தயாராக நின்றார்கள். நான் கையுறை போடவில்லை.

"கண்ணாடியத் தூக்கி, கால் வட்டம் திருப்பி, அதே கட்டில்ல வெச்சு இன்னொரு படம் எடுக்கணும். அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம்" என்றேன்.

முதலாளிக்குத் தூக்குவது என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ரத்தம் தலைக்கேறிவிட்டது. "இன்னா மேடம் வெளாடுறீங்களா? ஒண்ணு தூக்கி ஒடச்சது பத்தாதா? தேவையில்லாத பேஜாரெல்லாம் எதுக்கு இழுக்கறீங்க? தேய்க்கச் சொன்னா தேய்ச்சிட்டுப் போய்க்கினே இருங்களேன்!"

"தேய்க்கறதுன்னா வேற ஆள வெச்சுத் தேய்ச்சுக்குங்க சார். என் கை அதுல படாது."

வேலை போய்விடும் என்று ஒரு கணம் தோன்றியது. போகட்டும் என்றும் தோன்றியது. எனக்கும் கோபம் சட்டென்று வரும், ஆனால் அவருடையதைப் போல அவ்வளவு சீக்கிரம் போகாது. பாருங்கள், அங்கே எல்லோருக்கும் தூக்குவதில் பயம், தேய்ப்பதில் பயமில்லை. தூக்கினால் உடைந்தது கண் முன்னால் தெரியும். தேய்த்தால் கெட்டது யாருக்கும் தெரியாது. தெரிகிற ஆபத்துக்குப் பயந்து தெரியாத ஆபத்தின் மடியில் போய் உட்காரப் பார்த்தார்கள். நீங்களும் ஒரு நாள் அப்படி நிற்பீர்கள், அப்போது இந்தக் கிழவியை நினைத்துக்கொண்டால் போதும்.

ஸ்கேல் மேடம்தான் வாயைத் திறந்தார். "திருப்பி வெச்சா படம் எப்படி வரும்னு இப்பவே சொல்ல முடியுமா உங்களால?"

நல்ல கேள்வி. வந்தபிறகு விளக்கம் சொல்ல எல்லோராலும் முடியும். வருமுன் சொல்வதுதான் கஷ்டம்.

"சொல்றேங்க. தப்பு கண்ணாடில இருந்தா அதோட சேர்ந்து படமும் திரும்பும். சிவப்பு இருந்த எடத்துல நீலம் வரும். ஆனா அப்படி வராது. கதவுப் பக்கம் இருக்கிற சிவப்பு கதவுப் பக்கமே நிக்கும்."

"நிக்கலன்னா?"

"நானே தேய்ச்சுக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிடறேன்."

அவர் ஸ்கேலை எடுத்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு முதலாளியைப் பார்த்து, "தூக்கட்டும்" என்றார். முதலாளி வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மெயின் கேட்டைப் பார்த்து நடந்தார்.

தூக்குவதற்கு முன் எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. இன்றும் அதைத்தான் செய்கிறீர்கள், ஏன் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டு. கண்ணாடி அளவுக்கு ஒரு பிளைவுட் வட்டம், அதன்மேல் தோலோடு மல்லாட்டையைக் குவித்து வைத்து, அதை வளையத்தில் தூக்கித் திருப்பி இறக்க வேண்டும். யாராவது ஒருவர் முந்தினாலோ பிந்தினாலோ குவியல் சரியும். ஒரு காய் உருண்டு விழுந்தாலும் மறுபடியும் முதலிலிருந்து. முதல் கண்ணாடி உடைந்த பிறகு ஏழுமலை கண்டுபிடித்தது அது. அன்று முதல் தடவை உருண்டது. இரண்டாம் தடவையும் உருண்டது.

"கையில தூக்காதீங்கடா, மூச்சுல தூக்குங்க" என்று ஏழுமலை கத்தினார். "மேடம் வேலையே இதுல தொங்கிக்கினு கீது, ஞாபகம் இருக்கட்டும்!"

அதற்கப்புறம் ஒரு காய்கூட அசையவில்லை. பிளைவுட்டை வைத்துவிட்டு அதே சூட்டில் கண்ணாடிக்குப் போனார்கள். நான் வளையத்தின் கூடவே நடந்தேன், கையை நீட்டிக்கொண்டு. விழுந்தால் என் கையா தாங்கப் போகிறது? ஆனாலும் நீட்டிக்கொண்டுதான் போனேன். எழும்பியது, மெல்லத் திரும்பியது, இறங்கியது. பட்டைகள் மேல் அது உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. ஏழுமலை நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

உடைந்த சத்தம் எதுவும் கேட்காததால் முதலாளி திரும்பி வந்தார். "போடுங்க படத்த!"

"முடியாது சார். ஆளுங்க சூடு கண்ணாடில ஏறியிருக்கும். ஆறணும்."

"சும்மா ஒரு தபா பாத்துர்லாம் மேடம்."

"சும்மா பாக்கறதுதான் சார் மனசக் கெடுக்கும். ஆறட்டும்."

எல்லோரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். மதியம் முழுவதும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். நெடுஞ்சாலையில் லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. யாரோ வேகவைத்த மல்லாட்டை வாங்கி வந்தார்கள், ஒத்திகைக் காயைத் தொட ஏழுமலை விடவில்லை. ஸ்கேல் மேடம் தோலைக்கூட ஒரே அளவாக உரித்து வரிசையாக அடுக்கினார். முதலாளி காருக்குள் போய் உட்கார்ந்து கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான் தப்பாக இருந்தால் என் வேலை போகும், சரியாக இருந்தால் கண்ணாடி பிழைக்கும் என்று மாறி மாறி நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் கண்ணாடி நன்றாக இருந்தால் போதும் என்ற இடத்தில் மனம் நின்றது.

வெயில் சாய்ந்ததும் உள்ளே போனோம். வாசுகி பொத்தானை அழுத்தினாள். படம் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது.

கதவுப் பக்கம் சிவப்பு. எதிர்ப்பக்கம் சிவப்பு. நேற்று இருந்த இடத்திலேயே, இம்மி அசையாமல். கண்ணாடி திரும்பியிருந்தது, அப்பளம் திரும்பவில்லை.

"அக்கா!" என்று கத்திக்கொண்டு வாசுகி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். சோதனை அறையில் கத்தக் கூடாது என்று போர்டு எழுதி மாட்டியதே அவள்தான். ஏழுமலை தலைக்கு மேல் கையைக் கூப்பினார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் இல்லை. ஸ்கேல் மேடம் திரைக்கு அருகில் வந்து குனிந்து நேற்றைய படத்தையும் இன்றைய படத்தையும் வெகு நேரம் ஒப்பிட்டார். பிறகு நிமிர்ந்து, "கட்டில்ல என்ன இருக்குன்னு பாருங்க" என்றார்.

கண்ணாடியை மெத்தை விரித்த மேசைக்கு மாற்றினோம். ஏழுமலை கட்டிலின் அடியில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு பலகையாக நகத்தால் தட்டிப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கணீரென்று குரல் வந்தது.

"ஆடுது... ஆடுது... இதுவும் ஆடுது..."

அப்புறம் குரல் வரவில்லை.

"ஏழுமலை?" என்றேன்.

"ஆடலைங்க மேடம்." கொஞ்ச நேரம் கழித்து, "டார்ச்சு குடுங்க" என்றார். அதற்கப்புறம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் வந்த சிரிப்பு. வெளியே வந்தபோது அவர் நகத்தின் நுனியில் மஞ்சளாக ஒரு காய்ந்த தூள் இருந்தது, அதன் நடுவில் சிவப்பு.

கட்டிலின் அடியில் கையை விட்டு, கண்ணுக்கே தெரியாத ஒரு கீலைத் தேடிப் பிடித்து, அதற்குள் சந்தனத்தையும் குங்குமத்தையும் வைக்கக்கூடிய மனிதர் இந்த மாவட்டத்திலேயே ஒருவர்தான். வைத்த சந்தனம் காய்ந்து கல்லாகி, பலகை ஆடாமல் நின்று, நம் கண்ணாடியை அப்பளமாக வளைத்துவிட்டிருக்கிறது. எல்லோர் கண்ணும் முதலாளி மேல் போயிற்று. அவர் ஏழுமலையின் நகத்தைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"உசுரு அங்கதான மேடம் இருந்துச்சு" என்றார், மிகவும் சின்னக் குரலில்.

முதலில் சிரித்தது யார் தெரியுமா? ஸ்கேல் மேடம். சிரிப்பென்றால் சாதாரணச் சிரிப்பில்லை, ஸ்கேல் கையிலிருந்து நழுவி விழுந்தது. அதற்கப்புறம் கூடமே சிரித்தது. முதலாளிதான் எல்லோரைவிடவும் சத்தமாகச் சிரித்தார், சிரித்துக்கொண்டே என் முன்னால் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "நான் தேய்க்கச் சொன்னேனே மேடம். நீங்க மட்டும் தேய்ச்சிருந்தா?" என்றார். எனக்கு அவர் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

அறிக்கையில் காரணம் எழுத வேண்டுமல்லவா? ஸ்கேல் மேடம் வெகு நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, 'கீலில் தாவர வகை அந்நியப் பொருள்' என்று எழுதினார். கீலைச் சுத்தம் செய்து, கண்ணாடியை ஏற்றி, ஆறவிட்டுப் படம் எடுத்தோம். சிவப்பும் இல்லை, நீலமும் இல்லை. நம்ம ஊர்க் கட்டில் அத்தனை மாதம் சொல்லிக்கொண்டிருந்த அதே நல்ல முகம். அந்தப் படத்தின் அடியில் அவர் கையெழுத்துப் போட்டபோது, "உங்க பழைய கட்டிலையும் நான் நம்பறேன்" என்றார். ஏழுமலை அதை விக்கிரவாண்டி பட்டறைக்காரரிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்துதான் சாப்பிட்டார்.

இதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது சந்தனம் வைக்கக் கூடாது என்பதல்ல. தாராளமாக வையுங்கள். சோதனையில் பிழை வந்தால் முதலில் அறைக்குள் அலையும் காற்றைச் சந்தேகப்படுங்கள், பிறகு கட்டிலை, எல்லாவற்றுக்கும் கடைசியில் கண்ணாடியை. ஏனென்றால் கண்ணாடியில் கை வைத்தால் திரும்ப எடுக்க முடியாது. தேய்த்த கண்ணாடியை வளர்க்கும் இயந்திரம் இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவசரப்படுத்துகிறவர் முதலாளியாக இருந்தாலும், சான்றிதழாக இருந்தாலும், முதலில் திருப்பி வைத்துப் பாருங்கள். திருப்புவதற்கு முன் என்ன வரும் என்று நான்கு பேர் கேட்கச் சொல்லிவிடுங்கள். அந்தத் துணிச்சல் இல்லாதவர்கள் வேறு தொழில் பார்ப்பது நல்லது.

கண்ணாடி மேலே போயிற்று. தொலைநோக்கி கண் திறந்த முதல் படம் எங்களுக்கு வந்த அன்று, விழுப்புரம் ஸ்டேஷனில் நடைமேடையிலேயே வாசுகி போனை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். கறுப்பு வானம். அதில் நட்சத்திரங்கள். பெரிதாக்கினோம், இன்னும் பெரிதாக்கினோம். எல்லாம் புள்ளி. உருண்டையான, சுத்தமான புள்ளிகள். ஒன்றுகூடச் சிலுவை இல்லை. இரண்டு பேரும் அங்கேயே கைகோத்துக் குதித்தோம். எனக்கு அப்போது ஐம்பது வயது தாண்டியாயிற்று. நடைமேடையில் பார்த்தவர்கள் லாட்டரி விழுந்ததென்று நினைத்திருப்பார்கள்.

அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சட்டம் போட்டு முதலாளி முன்கூடத்தில் மாட்டினார். அதற்குள் அடுத்த ஆயுத பூஜையும் வந்துவிட்டது. சோதனை அறைக்குள் சந்தனம் நுழையக் கூடாது என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அசையாத எதிலும் பொட்டு வைத்து அவருக்குத் திருப்தி வராது என்று ஏழுமலைக்குத் தெரியும். பாண்டிச்சேரிக்குப் போய் நல்லதாக ஒரு பித்தளைக் கீல் வாங்கி வந்து, எண்ணெய் போட்டு, வாசலில் திருகி வைத்திருந்தார். சோதனை அறையின் கட்டில், கருவி, கோபுரம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அதுதான் இனி உயிர் என்று முதலாளியிடம் சொல்லியும் வைத்திருந்தார்.

பூஜை அன்று முதலாளி சந்தனக் கிண்ணத்தோடு ஒரு சுற்று வந்து, நட்சத்திரப் படத்தின் முன்னால் நின்றார். விரல் சந்தனத்தில் தோய்ந்திருந்தது. கை பாதி வரை உயர்ந்தது. அப்படியே நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். கையை இறக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார். கீலின் மேல் பொட்டு வைத்தார், மூட்டில் படாமல், ஓரமாக, ஸ்கேல் மேடமே அளந்து கொடுத்தது போல. வைத்துவிட்டுப் போய்விடவில்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, நகத்தால் அதை மெல்லத் தட்டினார். கீல் இந்தப் பக்கம் போய் அந்தப் பக்கம் வந்தது.

"ஆடுதுங்க மேடம்" என்றார்.